அந்தப் பக்கம் போனீர்களா?

அன்று வகுப்பில் ஒரு கேள்வித்தாளைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். காய்ச்சலோடு கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் கேட்க வேண்டிய 42 கேள்விகள். நானும் உடன் வேலை பார்ப்பவர்களும் இரண்டு மாதம் உட்கார்ந்து தயாரித்தது. அதில் 9-ஆவது கேள்வி, "கடந்த 30 நாட்களில் வெளிநாட்டுப் பயணம் ஏதாவது மேற்கொண்டீர்களா?" என்பது. ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்கு ஒருவர் மொழிபெயர்த்தார். அதைப் பார்த்து இன்னொருவர் மறுபடி ஆங்கிலத்தில் எழுதினார். இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, சரியாக இருக்கிறது என்று முடிவு செய்திருந்தோம்.

பயிற்சிக்கு வந்திருந்த நர்ஸ் ஒருவர் கையைத் தூக்கினார். நாற்பது வயது இருக்கும். இருபது வருடமாக ஒரு சமூக கிளினிக்கில் வேலை. "தொக்தோரா, இந்தக் கேள்விக்கு எல்லாருமே இல்லை என்றுதான் சொல்வார்கள்" என்றார். தொக்தோரா என்றால் டாக்டரம்மா. ஏன் என்று கேட்டேன். அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த லேப் டெக்னீஷியன் பையனிடம் திரும்பி, தாளில் இருந்தபடியே கேள்வியைப் படித்தார். அவன் "இல்லை" என்றான். அப்புறம் தன் சொந்தப் பேச்சில் கேட்டார்: "அல் ஓத்ரோ லாதோ போனாயா?" அந்தப் பக்கம் போனாயா என்று அர்த்தம். "போனேனே, ஞாயிற்றுக்கிழமை. பாட்டி வீட்டில்தான் சாப்பாடு."

நான் இருக்கும் ஊர் எல் பாஸோ. டெக்சஸின் மேற்கு மூலையில், மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் கட்டடத்தின் மாடி ஜன்னலில் நின்றால் ஹுவாரெஸ் வீடுகளின் வண்ணச் சுவர்கள் தெரியும். நடுவில் ஓடுவது ஒரே ஆறு; இந்தக் கரையில் ரியோ கிராந்தே, அந்தக் கரையில் ரியோ ப்ராவோ. இங்கே ஏறத்தாழ 6.8 லட்சம் பேர், அங்கே ஏறத்தாழ 15 லட்சம் பேர். சான்டா ஃபே பாலத்தில் கொஞ்சம் சில்லறையைப் போட்டுவிட்டு நடந்தால் சில நிமிடங்களில் வேறு நாடு. பல் பிடுங்கவும், கண்ணாடி மாற்றவும், மாமியாரைப் பார்க்கவும், முடி வெட்டிக்கொள்ளவும் மக்கள் போய் வருகிறார்கள். அவர்களிடம் போய் வெளிநாட்டுப் பயணம் என்று கேட்டால், விமானம், பெட்டி, விசா என்றுதான் நினைப்பார்கள். பாட்டி வீடு எப்படி வெளிநாடாகும்?

இந்த ஒரு சொல்லில் எவ்வளவு தொங்குகிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சல் என்று ஒரு நோய். உண்ணி கடித்து வருவது. முதல் சில நாட்கள் சாதாரணக் காய்ச்சல், தலைவலி மாதிரியே இருக்கும். சந்தேகம் வந்த உடனேயே டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் பிழைத்துக்கொள்வார்கள். ஐந்தாறு நாள் தள்ளிப்போனால் உயிருக்கு ஆபத்து. வடக்கு மெக்சிகோவில் தெருநாய்களின் மேல் இருக்கும் பழுப்பு நாய் உண்ணிதான் இதைப் பரப்புகிறது. 2023 டிசம்பரில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. மருத்துவர்களுக்கு ஓர் எச்சரிக்கை அனுப்பியது. மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா மாநிலத்தில் இருக்கும் தெக்காத்தே ஊருக்குப் போய் வந்த, அல்லது அங்கே வசித்த ஐந்து பேருக்கு அந்த ஆண்டு ஜூலைக் கடைசியிலிருந்து இந்தக் காய்ச்சல் வந்து, மூன்று பேர் இறந்துவிட்டார்கள் என்று. இந்த மாதிரி நோயில், "அந்தப் பக்கம் போனீர்களா, அங்கே வீட்டில் நாய் இருக்கிறதா?" என்று முதல் நாளே கேட்கத் தெரிந்த ஓர் ஆள் கிளினிக்கில் இருக்க வேண்டும்.

9-ஆவது கேள்வியை அன்றைக்கே மாற்றினோம். அதற்குப் பிறகு நான் பாடம் நடத்தும் முறையும் மாறிவிட்டது.

எங்களிடம் பயிற்சிக்கு வருகிறவர்கள் பல தரப்பு. நர்ஸ்கள், லேப் ஆட்கள், மருத்துவக் கல்லூரி மாணவர்கள், மருந்தாளுநர்கள், அப்புறம் ப்ரொமோத்தோராக்கள். கடைசியாகச் சொன்னவர்கள் அந்தந்தக் குடியிருப்பிலேயே வாழ்கிற சுகாதாரப் பணிப் பெண்கள். நம் ஊர்க் கிராம சுகாதார நர்ஸும், தெருவில் எல்லோருக்கும் உதவியாக ஓடும் ஓர் அத்தையும் சேர்ந்தால் எப்படியிருக்கும், அப்படி. வருகிறவர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஹிஸ்பானிக் குடும்பத்தினர், அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளை வேராகக் கொண்டவர்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர்கள் நிறையப் பேர். நான் சொல்லிக்கொடுப்பது புள்ளியியலும் ஆய்வு வடிவமைப்பும். ஒரு நோயைப் பற்றி எப்படிக் கேள்வி எழுப்புவது, எத்தனை பேரிடம் கேட்பது, கிடைத்த பதிலை எவ்வளவு தூரம் நம்புவது என்பதெல்லாம்.

இந்தப் பயிற்சி எதற்கு என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. அமெரிக்க மக்கள்தொகையில் ஹிஸ்பானிக் மக்கள் ஏறத்தாழ 20 சதவீதம். மருத்துவர்களில் அவர்கள் ஆறு, ஏழு சதவீதம்தான். எல் பாஸோவிலோ பத்துப் பேரில் எட்டுப் பேர் ஹிஸ்பானிக். நோயாளி யார், நோயைப் பற்றி எழுதுகிறவர் யார் என்பதற்கு நடுவில் இருக்கும் தூரம் இந்த எண்களிலேயே தெரிகிறது. ஆராய்ச்சி என்று வரும்போது அது இன்னும் அதிகம். எத்தனையோ ஆய்வுகள் இப்படி நடந்திருக்கின்றன: எங்கோ ஒரு பெரிய நகரத்தில் கேள்வியை முடிவு செய்வார்கள். எல்லையில் இருக்கும் நர்ஸ் ரத்தம் எடுப்பார், ப்ரொமோத்தோரா வீடு வீடாக ஆள் சேர்ப்பார். ஐஸ் பெட்டி விமானத்தில் ஏறிப்போகும். இரண்டு வருடம் கழித்துக் கட்டுரை வரும். ரத்தம் எடுத்தவரின் பெயர் அதில் இருக்காது. ரத்தம் கொடுத்தவருக்கு முடிவும் தெரியாது. ஆதாரத்தைச் சேகரிக்கிற இந்தப் பெண்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமையும் வேண்டும் என்பதற்காகத்தான் நான் இந்த வேலையில் இருக்கிறேன்.

முதல் வகுப்பில் எப்போதும் 2009-ஆம் ஆண்டுக் கதையைச் சொல்வேன். அந்த ஏப்ரலில் உலகமே பன்றிக் காய்ச்சல் என்று பேச ஆரம்பித்தது. அமெரிக்காவில் அந்தப் புதிய எச்1என்1 வைரஸ் முதலில் பிடிபட்டது இரண்டு குழந்தைகளிடம், இரண்டு பேரும் தெற்குக் கலிஃபோர்னியாவில். சான் டியேகோவில் ஒரு 10 வயதுப் பையன். எல்லையை ஒட்டிய இம்பீரியல் கவுண்டியில் ஒரு 9 வயதுப் பெண். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது, பன்றியோடும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்தப் பெண்ணின் மூக்குச் சளி மாதிரி சி.டி.சி.க்குப் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம், எல்லைப் பகுதித் தொற்றுநோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் சேர்ந்திருந்த ஒரு கிளினிக்குக்கு அவள் வந்ததுதான். தொண்ணூறுகளின் கடைசியில் இரு நாடுகளும் சேர்ந்து தொடங்கிய திட்டம் அது. அந்த மாதிரியை எடுத்தது மார்ச் 30. செய்தி உலகத்துக்குத் தெரிந்தது ஏப்ரல் 21. இரண்டு குழந்தைகளும் குணமாகிவிட்டார்கள்.

அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, மூக்கில் விடும் அந்தப் பஞ்சுக் குச்சியை எடுத்து மேஜையில் வைப்பேன். பத்தோடு பதினொன்றாகத் தெரிந்த ஒரு காய்ச்சல் குழந்தை. மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அந்தக் கிளினிக்கில் ஒருவர் குச்சியைப் பிரித்து, மூக்குக்குள் சரியான ஆழத்துக்கு விட்டு, குழாயில் போட்டு, பெயரும் தேதியும் எழுதி, குளிர் குறையாமல் அனுப்பி வைத்தார். அவர் பெயர் வரலாற்றில் இல்லை. எங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் லேப் டெக்னீஷியன்கள் அப்போது அந்தக் குச்சியைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

ஒப்புதல் படிவம் பற்றிய வகுப்புதான் எனக்கு மிகவும் கடினமானது. எந்த ஆய்விலும் ஒருவரைச் சேர்ப்பதற்கு முன் எல்லாவற்றையும் விளக்கி, அவர் சம்மதத்தை வாங்க வேண்டும். பல்கலைக்கழகங்களில் அது வழக்கறிஞர் பாஷையில் பத்துப் பன்னிரண்டு பக்கம் இருக்கும். நான் ஒரு தடவை அதை ஒரு ப்ரொமோத்தோராவிடம் கொடுத்து, "இதைப் படித்துக் காட்டி ஆள் சேருங்கள்" என்றேன். அவர் முதல் வரியிலேயே நின்றுவிட்டார். "இன்வெஸ்திகாஸியோன் என்று போட்டிருக்கிறதே" என்றார்.

ஸ்பானிஷில் ஆராய்ச்சிக்கும் அதுதான் சொல், போலீஸ் விசாரணைக்கும் அதுதான் சொல். தமிழில் நமக்கு இரண்டும் வேறு வேறு, அங்கே ஒன்று. குடியேற்ற அதிகாரிகளின் வண்டி தெருவில் சுற்றிக்கொண்டிருக்கும் ஊரில் கதவைத் தட்டி, "உங்கள் வீட்டில் ஓர் இன்வெஸ்திகாஸியோன் செய்ய வந்திருக்கிறோம்" என்றால் யார் திறப்பார்கள்? "எஸ்தூதியோ என்று போடுங்கள், படிப்பு மாதிரி" என்றார் அவர். இன்னொன்றும் சொன்னார். பல்கலைக்கழகத்தின் வெள்ளை வேனில் போகக் கூடாது. எல்லைக் காவல் படையின் வண்டிகள் வெள்ளையில் பச்சைப் பட்டை போட்டவை. தூரத்தில் வெள்ளையாக ஒரு வண்டி வந்தாலே விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்களாம். அவருடைய பழைய நீலக் காரில் போனோம். முன் கண்ணாடியில் குவாதலூப்பே மாதாவின் படம் ஆடிக்கொண்டிருந்தது. தெருவில் இருந்தவர்கள் கை காட்டினார்கள்.

இந்தப் பயம் நேற்றுப் பிறந்ததில்லை. சான்டா ஃபே பாலத்திலேயே அதற்கு ஒரு கதை இருக்கிறது. 1910-களில், பேன் பரப்பும் டைஃபஸ் காய்ச்சல் பற்றிய பயம் வந்தபோது, மெக்சிகோவிலிருந்து வேலைக்கு வருகிறவர்களைப் பாலத்தில் நிறுத்தி, துணியைக் கழற்றச் சொல்லி, பேன் ஒழிப்பதாகப் பெட்ரோல் மாதிரியான திரவங்களால் குளிக்க வைத்தார்கள். 1916 மார்ச்சில் எல் பாஸோ சிறையில் கைதிகளை இப்படிக் குளிப்பாட்டும்போது தீப்பிடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் கருகிச் செத்திருந்தார்கள். 1917 ஜனவரி 28 அன்று ஹுவாரெஸிலிருந்து வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த கார்மெலித்தா தோர்ரெஸ் என்ற 17 வயதுப் பெண் குளிக்க மாட்டேன் என்றாள். டிராமில் கூட வந்த பெண்களும் அவளோடு சேர்ந்து இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் பாலத்தில் ஒரு பெரும் கூட்டம், பெரும்பாலும் பெண்கள், டிராம் பாதையை மறித்து நின்றது. இருந்தும் அந்தக் குளியல் பல ஆண்டுகள் தொடர்ந்தது. இதையெல்லாம் செய்தது பொதுச் சுகாதாரத்தின் பெயரால். இதை நான் சொல்லும்போது மாணவர்களில் பாதிப் பேருக்குப் புதிதாக இருக்கும். சிலருக்குக் கொள்ளுப்பாட்டி வழியாக ஏற்கெனவே தெரிந்திருக்கும். அந்த ஊரில் நின்று ஒப்புதல் படிவத்தை அலுவலகக் காகிதமாக நினைக்க என்னால் முடியவில்லை.

மொழியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்பானிஷில் நமக்குப் போலவே நீ, நீங்கள் இரண்டும் உண்டு: தூ, உஸ்தெத். வெளியூரில் தயாரான கேள்வித்தாள்களில் எழுபது வயது முதியவரைத் தூ போட்டுக் கேட்டிருப்பார்கள். நம் தாத்தாவிடம் முன்பின் தெரியாத ஒருவர் வந்து, "நீ நேற்று ராத்திரி இருமினாயா?" என்று கேட்டால் என்ன ஆகும்? அவர் பதில் சொல்வார், ஆனால் சுருக்கமாக. அந்தச் சுருக்கம் என் கணக்கில் "இல்லை" என்று பதிவாகும். இன்னொன்று, மருந்துச் சீட்டுகள். ஒரு நாளைக்கு ஒரு தடவை என்பதற்கு ஆங்கிலத்தில் "ஒன்ஸ்" என்று எழுதுவார்கள். அதே எழுத்துகளை ஸ்பானிஷில் படித்தால் "ஓன்ஸே", அதாவது பதினொன்று. பாதி மட்டும் மொழிபெயர்த்த மருந்துச் சீட்டில் இந்த ஒரு சொல் எவ்வளவு ஆபத்து என்று மருந்தாளுநர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். 2009-இல் எல் பாஸோவில் தொடங்கிய பால் எல். ஃபாஸ்டர் மருத்துவக் கல்லூரியில் மருத்துவ ஸ்பானிஷ் எல்லா மாணவர்களுக்கும் கட்டாயப் பாடம். அதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும்.

அப்புறம், சர்க்கரை. இங்கே வந்த புதிதில் ஒரு பாட்டி "தெங்கோ அஸூகார்" என்றார். எனக்குச் சர்க்கரை இருக்கிறது. திருநெல்வேலியில் என் பெரியம்மா சொல்வது அப்படியே. நீரிழிவு என்ற சொல்லை இரண்டு ஊரிலும் டாக்டர் மட்டும்தான் சொல்கிறார். மொழி தெரியாத ஊரில் எனக்கு முதலில் வீடு மாதிரி இருந்தது அந்த வாக்கியம்தான்.

அந்தச் சர்க்கரைக்கும் காசநோய்க்கும் இருக்கும் உறவுதான் எல்லையில் மிக முக்கியமான ஆராய்ச்சிகளில் ஒன்று. டெக்சஸின் இன்னொரு கோடியில், பிரவுன்ஸ்வில் நகரத்தில் இருக்கும் பொதுச் சுகாதாரக் கல்லூரியில் ப்ளாங்கா ரெஸ்த்ரெப்போவின் குழு இதைப் பல வருடங்களாகப் படித்துவருகிறது. புதிதாகக் காசநோய் கண்டறியப்பட்டவர்களைப் பரிசோதித்ததில், டெக்சஸ் பக்கம் 39 சதவீதம் பேருக்கும் மெக்சிகோ பக்கம் 36 சதவீதம் பேருக்கும் நீரிழிவு இருந்தது. 2011-இல் இது வெளிவந்தது. ஐந்தில் இரண்டு பேர்! தமிழ்நாட்டில் காசநோய் வார்டுகளைப் பார்த்த யாருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது.

காசநோய் சிகிச்சை வழக்கமாக ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அப்புறம் நான்கு மாதம் இரண்டு மருந்து. நடுவில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும். அதனால் சுகாதாரப் பணியாளர் நேரில் வந்து, கண்ணெதிரே விழுங்கச் செய்கிறார். எல் பாஸோவுக்கும் ஹுவாரெஸுக்கும் பொதுவாக, ஹுன்த்தோஸ் என்ற இருநாட்டுக் காசநோய்த் திட்டம் தொண்ணூறுகளிலிருந்து இருக்கிறது. ஹுன்த்தோஸ் என்றால் சேர்ந்து. ஒரு நோயாளி இந்தக் கரையில் வேலை செய்து, அந்தக் கரையில் தூங்குகிறார் என்றால் மாத்திரையும் இரண்டு கரையிலும் அவரைத் தேடிப் போக வேண்டும்.

இந்த இடத்தில் வகுப்பில் நான் சென்னையைக் கொண்டுவருவேன். படிக்கிற காலத்தில் சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு மாதம் போய் வந்தவள் நான். 1956-இல் அங்கே தொடங்கிய ஆய்வில் 193 நோயாளிகள். பாதிப் பேருக்குச் சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, முழு ஓய்வோடு சிகிச்சை. மீதிப் பேருக்கு மெட்ராஸ் நகரத்தின் நெருக்கமான சின்ன வீடுகளிலேயே சிகிச்சை. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் இருந்த மற்றவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. 1959-இல் முடிவு வந்ததும் உலகம் முழுக்கச் சானடோரியங்களின் காலம் முடிய ஆரம்பித்தது. நேரில் பார்த்து மருந்து கொடுக்கும் முறையையும் அதே நிலையம்தான் பின்னர் வாரம் இரண்டு முறை மருந்தாகச் சோதித்துப் பார்த்தது. "நீங்கள் தினமும் காலையில் காரை எடுத்துக்கொண்டு செய்கிற வேலைக்கு மெட்ராஸ் சேரிகளில் வேர் இருக்கிறது" என்று சொல்வேன். வீடு வீடாகப் போன நர்ஸ்கள் இல்லாமல் அந்த ஆய்வு நடந்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

ஒரு வருடம், காசநோய் மாத்திரை கொடுக்கப் போகும் ஒரு பெண் என்னிடம் ஒரு நோட்டைக் காட்டினார். கட்டம் போட்ட பள்ளிக்கூட நோட்டு. சர்க்கரையும் இருக்கிற ஏழு நோயாளிகள். தேதி வாரியாகச் சர்க்கரை அளவு. காசநோய் மருந்து தொடங்கிய சில வாரங்களில் நான்கு பேருக்கு எண்கள் ஏறியிருந்தன. "இந்த மாத்திரைதான் என் சர்க்கரையைக் கெடுக்கிறது என்று சொல்லி ஒருவர் நிறுத்தப் பார்த்தார். அவர் சொல்வது பொய்யா, தொக்தோரா?" என்று கேட்டார். பொய் இல்லை. காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின், சில சர்க்கரை மாத்திரைகளை உடம்பு சீக்கிரம் கரைத்துவிடும்படி செய்கிறது. மருந்தியல் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்காமல், ஏழு சமையலறைகளில் நின்று அதைக் கண்டுபிடித்திருந்தார். அந்த நோட்டை வைத்தே அவருக்கு ஆய்வு வடிவமைப்பு சொல்லிக்கொடுத்தேன். ஏழு பேர் போதாது, ஏன் போதாது? ஒப்பிட யார் வேண்டும்? தொற்று இருக்கும்போதே சர்க்கரை ஏறும், அதை எப்படிப் பிரிப்பது? மூன்று வாரத்தில் அவர் எழுதிக் கொண்டுவந்த ஆய்வுத் திட்டம் அந்த ஆண்டு நான் படித்தவற்றில் மிகச் சிறந்தது.

டெங்கு வகுப்பில் எனக்குப் பிடித்தது லாரெடோ ஆய்வு. லாரெடோ இந்தப் பக்கம், நுவேவோ லாரெடோ அந்தப் பக்கம், நடுவில் அதே ஆறு. 1999-இல் இரண்டு ஊரிலும் வீடு வீடாகக் கொசுவையும் ரத்தத்தையும் பார்த்தார்கள். டெங்கு கொசு அதிகமாக இருந்தது அமெரிக்க லாரெடோவில். ஆனால் சமீபத்தில் டெங்கு வந்ததற்கான அடையாளம் அங்கே 1.3 சதவீதம் பேருக்குத்தான். நுவேவோ லாரெடோவில் 16 சதவீதம். ஆய்வாளர்கள் சொன்ன முக்கியக் காரணம் ஏ.சி. ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பவரைக் கொசு கடிக்க முடிவதில்லை. எல்லையின் இரு பக்கமும் ஒரே கொசு, ஒரே வெயில். நோயைத் தீர்மானித்தது கரண்ட் பில் கட்டும் வசதி.

இதை நான் நடத்தி முடித்ததும் லாரெடோ பக்கத்துப் பையன் ஒருவன் எழுந்தான். மருத்துவ மாணவன். "என் அத்தை வீட்டில் கூலர்தான் இருக்கிறது" என்றான். தண்ணீரில் நனைந்த பஞ்சு வழியாகக் காற்றை இழுக்கும் ஏர் கூலர். அது வேலை செய்ய வேண்டுமென்றால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்துதான் வைக்க வேண்டும். "பெரிய ஏ.சி. இருக்கும் வீட்டிலும் பில்லுக்குப் பயந்து ராத்திரி மட்டும்தான் போடுகிறார்கள். ஏ.சி. இருக்கிறதா என்று கேட்டால் போதாது, எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள் என்று கேட்க வேண்டும்." டெங்கு கொசு பகலில் கடிக்கிறது. வகுப்பு முடிந்து அரை மணி நேரம் அவனோடு நின்று பேசினேன். அத்தை வீட்டு ஜன்னல் அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

இதில் எனக்கு வருத்தமும் உண்டு. இந்த மாதிரிப் பயிற்சிகளுக்குப் பணம் நான்கு, ஐந்து ஆண்டுகளுக்குத்தான் வருகிறது. முதல் வருடம் ஆள் தேடுவதிலும் கடைசி வருடம் அடுத்த மனு எழுதுவதிலும் போய்விடும். நன்றாக வந்தவர்களை ஹூஸ்டனும் டாலஸும் இரண்டு மடங்கு சம்பளத்துக்குக் கூட்டிக்கொண்டு போகின்றன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது, வீட்டுக் கடன் எல்லோருக்கும் உண்டு. ப்ரொமோத்தோராக்கள் நிலைமை இன்னும் மோசம். மணிக்கணக்குக் கூலி, திட்டம் முடிந்ததும் வேலையும் முடிந்தது. ஓர் ஆய்வில் 200 குடும்பங்களின் நம்பிக்கையைச் சம்பாதித்துக் கொடுத்தவரை, பணம் தீர்ந்தது என்று ஒரு மின்னஞ்சலில் அனுப்பி வைத்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த 200 வீடுகளில் அடுத்த முறை யார் போய்க் கதவைத் தட்டுவது?

அந்தப் பக்கத்துச் சக ஆய்வாளர்களின் கஷ்டம் வேறு. ஒரு சளி மாதிரி பாலத்தைத் தாண்ட வேண்டுமென்றால் மெக்சிகோ அரசின் அனுமதி, சி.டி.சி. அனுமதி, மூன்றடுக்குப் பெட்டி, இரண்டு நாட்டிலும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எல்லாம் வேண்டும். அந்த விதிகள் தேவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் சளியைத் துப்பிய மனிதர் அதே காலையில் அரை மணி நேரம் வரிசையில் நின்று தாண்டிப் போய்விட்டார். கொரோனாவில் அதுவும் நின்றது. 2020 மார்ச் 21 முதல் 2021 நவம்பர் 8 வரை அவசியமில்லாத பயணத்துக்குத் தரைவழி எல்லை மூடியிருந்தது. அமெரிக்கக் குடிமக்கள் திரும்பி வரலாம். சுற்றுலா விசாவில் வரும் ஹுவாரெஸ்காரர்கள் வர முடியாது. 2020 அக்டோபர், நவம்பரில் எல் பாஸோ ஆஸ்பத்திரிகள் நிரம்பி, பிணங்களை வைக்க குளிர்சாதன லாரிகள் வந்து நின்றன. அந்த மாதங்களில் எங்கள் பழைய மாணவர்கள்தான் தொலைபேசியில் தொடர்புத் தேடல் செய்தார்கள். யாரோடு சாப்பிட்டீர்கள், யார் வீட்டுக்குப் போனீர்கள் என்று ராத்திரி பத்து மணி வரைக்கும் உஸ்தெத் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தன் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்து அடுத்த எண்ணைச் சுழற்றியவரும் அதில் ஒருவர்.

9-ஆவது கேள்வியை மாற்றிய நர்ஸ் போன ஆண்டு தன் முதல் ஆய்வை முடித்தார். காய்ச்சலோடு வருகிறவர்களின் எல்லைப் பயணம் பற்றிய சின்ன ஆய்வு. முடிவை முதலில் எங்கே சொல்வது என்று பேச்சு வந்தபோது மாநாடு என்றேன். ரத்தம் கொடுத்தவர்களிடம்தான் முதலில் என்றார். எல் பாஸோவுக்குக் கிழக்கே இருக்கும் ஒரு கொலோனியாவில் கூட்டம் வைத்தார். கொலோனியா என்றால் நகர எல்லைக்கு வெளியே, பல இடங்களில் குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் இல்லாமலே மனை போட்டு விற்ற குடியிருப்பு. டெக்சஸில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. தேவாலயக் கூடத்தில் மடக்கு நாற்காலிகள், பெரிய பாத்திரத்தில் போஸோலே சூப், குழந்தைகளின் சத்தம். வரைபடம் எதுவும் இல்லாமல், சுவரில் ஒட்டிய பழுப்புத் தாளில் மார்க்கரால் வட்டங்கள் போட்டு விளக்கினார். நான் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

முடிந்ததும் ஒரு பாட்டி எழுந்தார். கறுப்பு சால்வை, கையில் ஊன்றுகோல். "நல்லது மகளே. எங்களைப் பார்த்துவிட்டாய். வெளியே படுத்திருக்கிறதே, அந்த நாய்களை எப்போது பார்ப்பாய்? அது காதெல்லாம் உண்ணி."

நர்ஸ் மார்க்கரின் மூடியைக் கழற்றி, பழுப்புத் தாளின் அடியில் இருந்த வெற்றிடத்தில் அதை எழுதினார். எழுதிவிட்டுப் பாட்டி பக்கம் திரும்பி, எத்தனை நாய், எந்தத் தெரு, எப்போதிலிருந்து என்று கேட்க ஆரம்பித்தார்.